பெட்ரோல் நிரப்பும் இடத்தில் கைபேசி தீ மூட்டுமா?

பெட்ரோல் பங்க்கில் ஒருவர் வண்டிக்கு அருகில் நிற்கும்போது திடீரெனத் தீப்பற்றும் காணொளியைப் பார்த்த உங்கள் தந்தை, கைபேசிதான் அதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறார் என்றும், நீங்கள் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் கைபேசி இருப்பதைக் கண்டால் உடனே அதைக் காருக்குள் வைத்துவிட்டு வரச் சொல்கிறார் என்றும், ஆனால் அதே பங்க்கில் கைபேசி வழியாகப் பணம் செலுத்தவும் விடுகிறார்களே, எதை நம்புவது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கைபேசி ஆபத்தா இல்லையா என்று கேட்பதைப் போலத் தோன்றினாலும், நீங்கள் அறிய விரும்புவது அந்தத் தீயை உண்மையில் மூட்டியது எது, உங்கள் குடும்பத்துக்கு அது நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என்று புரிந்துகொள்கிறேன். அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

எரியக்கூடிய வாயுவும் ஆவியும் சூழ வாய்ப்புள்ள இடங்களில் எந்த மின்கருவியை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று ஆய்வு செய்வது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், வழக்கமான, பழுதில்லாத கைபேசி ஒன்று பெட்ரோல் ஆவியைப் பற்றவைத்ததாக ஆராய்ந்து நிறுவப்பட்ட நிகழ்வு எதையும் நான் கண்டதில்லை. இதைத் தேடுவதையே வேலையாகக் கொண்டு ஆராய்ந்தவர்களும் கண்டதில்லை. காணொளிகளில் வரும் தீ உண்மையானது. அதை மூட்டுவது பெரும்பாலும் வண்டியிலிருந்து இறங்கிய மனிதரின் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்னூட்டம், அதாவது உரசலால் சேரும் மின்சாரம். உங்கள் தந்தையின் அறிவுரையில் என்னைக் கவலைகொள்ள வைக்கும் பகுதியும் இதுதான்: நிரப்பிக்கொண்டிருக்கும்போது காருக்குள் போய்வரச் சொல்வது, இல்லாத ஆபத்தைத் தவிர்ப்பதற்காக இருக்கும் ஆபத்துக்குள் உங்களை அனுப்புவதாகும்.

முதலில் பெட்ரோல் எப்படிப் பற்றுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எரிவது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவி. பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை (எரியும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை) சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் என்பதால், மனிதர் வாழும் இடங்களில் அது எப்போதும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும் இடத்தில் மட்டுமே தீப்பிடிக்கும். அதைவிடக் குறைந்தால் எரிய எதுவுமில்லை, மிகுந்தால் எரியப் போதிய ஆக்சிஜன் இல்லை. இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே டாங்க்கின் வாயிலிருந்து வெளியேறியதும் மேலே எழாமல் வழிந்து கீழே இறங்கும், காற்று வீசினால் விரைவில் நீர்த்துப்போகும். திறந்த வெளியில் உள்ள ஒரு பங்க்கில், எரியும் அளவுக்கு ஆவி நிற்கும் பகுதி என்பது டாங்க்கின் வாயையும் பெட்ரோல் ஊற்றும் குழாய்முனையான நாசிலையும் ஒட்டிய சிறிய இடமும், சிந்திய பெட்ரோலுக்கு மேலே உள்ள தாழ்வான இடமும்தான். காதருகே பிடித்திருக்கும் கைபேசியைச் சுற்றி அப்படியொரு கலவை உருவாவது இயல்பான நிலையில் நடக்கக்கூடியதன்று.

அந்தச் சிறிய இடத்தில் பற்றவைக்கத் தேவைப்படும் ஆற்றலோ மிகக் குறைவு. சரியான விகிதத்தில் ஆவி கலந்திருந்தால் ஏறக்குறைய 0.25 மில்லிஜூல் ஆற்றலுள்ள தீப்பொறி போதும். இதைக் கேட்டவுடன் பலர் கைபேசி மின்கலத்தில் இருக்கும் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள்: 4,000 மில்லிஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் அது 50,000 ஜூலுக்கும் மேல். ஒப்பிடவே முடியாத அளவு. கணக்கு சரிதான், ஆனால் ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எந்த வடிவில், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சிறிய இடத்தில் வெளிப்படுகிறது என்பதே தீப்பிடித்தலைத் தீர்மானிக்கிறது. காற்றிடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க, எவ்வளவு சாதகமான சூழலிலும் 300 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 3.7 வோல்ட் மின்கலத்தால் அது இயலாது. ஓடும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது தொடுமுனைகளுக்கிடையே ஒரு நுண்பொறி எழக்கூடும் என்பது உண்மை. பழைய கைபேசிகளின் அதிர்வு மோட்டாருக்குள்ளும் அத்தகைய நுண்பொறிகள் உண்டு. ஆனால் அவற்றின் ஆற்றல் மிகச் சிறியது. அதோடு, இடைவெளி ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது சுற்றியுள்ள உலோகமே வெப்பத்தை உறிஞ்சி, பிறந்த சுடரை வளரவிடாமல் அணைத்துவிடும்.

கைபேசி வெளியிடும் வானொலி அலையால் தீப்பிடிக்குமா என்ற ஐயத்தையும் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. ஏனெனில் கொள்கையளவில் அது நடக்கக்கூடியது. வலிமையான ஒலிபரப்பு நிலையங்களுக்கு அருகில் உள்ள பெரிய உலோகக் கட்டமைப்புகள் அலைவாங்கியாகச் செயல்பட்டு, அவற்றில் தூண்டப்படும் மின்னோட்டம் ஓர் இடைவெளியில் பொறியாக வெளிப்படலாம். எனவேதான் வெடிப்பு அபாயமுள்ள சூழலில் வைக்கும் மின்கருவிகளுக்கான ஐஇசி 60079 என்ற சர்வதேசத் தரநிலைத் தொகுப்பு, வாயுக்களைப் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் வானொலி ஆற்றலின் உச்சவரம்பை வகுத்திருக்கிறது. ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் அடங்கும் மிக எளிதில் பற்றும் பிரிவுக்கு 2 வாட். பெட்ரோல் ஆவி அடங்கும் பிரிவுக்கு 6 வாட். இரண்டாம் தலைமுறைக் கைபேசி தன் உச்சத் துடிப்பில் வெளியிட்டது 2 வாட், சராசரியாக அதில் எட்டில் ஒரு பங்கு. இன்றைய நான்காம் தலைமுறைக் கைபேசியின் உச்சம் ஏறக்குறைய 0.2 வாட். அதாவது பெட்ரோலுக்கான வரம்பில் முப்பதில் ஒரு பங்கு. அந்த வரம்பும் ஆற்றல் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்து பொறியாக மாறும் மோசமான நிலையை நினைத்துப் போடப்பட்டது. நடைமுறையில் அப்படிக் குவிவதற்கான அமைப்பு ஒரு காரின் டாங்க் வாயில் இல்லை.

இனி மனித உடலுக்கு வருவோம். இருக்கையின் துணியோடு நம் ஆடை உரசிப் பிரியும்போது மின்னூட்டம் பிரிகிறது. காலணியின் அடிப்பகுதி ரப்பராகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் அது தரைக்கு வடிய வழியின்றி உடலிலேயே தங்கிவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் குறைந்திருந்தால் இது இன்னும் எளிது. அப்படி 10,000 வோல்ட் வரை உடலில் ஏறுவது அரிதான செய்தியன்று. பயிற்சி வகுப்புகளில், செயற்கை இழைத் துணி விரித்த நாற்காலியிலிருந்து ஒருவரை எழச் செய்து, அவர் உடலின் மின்னழுத்தத்தை அளந்து காட்டுவது என் வழக்கம். பல ஆயிரம் வோல்ட்டில் அளவி நிற்கும்போது, எதையும் உணராமல் நின்றுகொண்டிருக்கும் அந்த மனிதர் நம்ப மறுப்பார். மனித உடலின் மின்தேக்குத்திறனை 100 பைக்கோஃபாரடே என்று வைத்துக்கொண்டால், 10,000 வோல்ட்டில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 5 மில்லிஜூல். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையானதைப் போல இருபது மடங்கு. அதுவும் விரல் நுனிக்கும் உலோகத்துக்கும் இடையே, ஒரே கணத்தில், உண்மையான மின்பொறியாக வெளிப்படுகிறது. தீ பற்றுவதற்கு எது வேண்டுமோ அது அத்தனையும் அதில் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கதவுப் பிடியைத் தொடும்போது சுரீரென்று தாக்குகிறதே, அந்த உணர்வு ஏற்படவே இரண்டு மூன்றாயிரம் வோல்ட் வேண்டும். 100 பைக்கோஃபாரடே உடலில் 2,300 வோல்ட் ஏறினாலே ஆற்றல் 0.25 மில்லிஜூலைத் தாண்டிவிடும். ஆகவே நாம் உணரும் ஏறக்குறைய ஒவ்வொரு அதிர்ச்சியும், ஆவி சூழ்ந்த இடத்தில் நேர்ந்திருந்தால், பற்றவைக்கக்கூடியதுதான். உணராமல் போகும் சிலவும் அந்த எல்லையை நெருங்கியவைதான்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையக் கருவிகளைத் தயாரிப்போர், பொருத்துவோர் ஆகியோரின் சங்கமான பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட், எரிபொருள் நிரப்பும்போது நிலைமின்னூட்டத்தால் மூண்ட தீ பற்றிய அறிக்கைகளைப் பல ஆண்டுகள் திரட்டியது, அவை 176. அவற்றில் ஏறக்குறைய பாதியில் நிகழ்ந்தது ஒரே கதை: நாசிலின் விசையை அழுத்திய நிலையில் பூட்டிவிட்டு, பெட்ரோல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே காருக்குள் போய் அமர்ந்து, பிறகு இறங்கி வந்து நாசிலைத் தொட்டிருக்கிறார்கள். இருக்கையில் அமர்ந்து எழும்போது மின்னூட்டம் ஏறுகிறது. அது வடிவதற்கு முன், ஆவி மிகுந்த ஒரே இடத்தை நோக்கிக் கை நீள்கிறது. வேறு பல நிகழ்வுகளில், நிரப்பத் தொடங்கும் முன்பே, டாங்க்கின் மூடியைத் திருகும்போது தீ எழுந்திருக்கிறது. மூடி திறக்கும் கணத்தில் உள்ளே அடைந்திருந்த ஆவி வெளியேறுவதாலும், இறங்கிய பின் அவர் தொடும் முதல் பொருள் அதுவாக இருந்ததாலும் அப்படி நேர்கிறது. கைபேசியால் மூண்டதாக உறுதிசெய்யப்பட்ட ஒன்றுகூட அந்தச் சங்கத்தின் பதிவில் இல்லை. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஆடம் பர்ஜெஸ், 1993 முதல் 2004 வரை உலகின் பல பகுதிகளில் நடந்த 243 பெட்ரோல் நிலையத் தீவிபத்துகளை ஆராய்ந்தபோதும், கைபேசியைக் காரணமாகக் காட்டக்கூடிய ஒன்றையும் காணவில்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கைபேசிகள் பரவத் தொடங்கிய காலத்தில், அவற்றைத் தயாரித்தவர்கள் தங்கள் கையேடுகளில் எரிபொருள் நிரப்பும் இடத்தில் அணைத்துவிடுமாறு எழுதினார்கள். வெடிப்புச் சூழலுக்கெனச் சோதித்துச் சான்று பெறாத எந்த மின்கருவிக்கும் அப்படி எழுதுவதுதான் முறை. சான்று பெறவில்லை என்பது ஆபத்தானது என்று நிறுவப்பட்டதாகப் பொருள்படாது. பாதுகாப்பானது என்று யாரும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடவில்லை என்றே பொருள்படும். இந்த வேறுபாடு எங்கள் துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. எச்சரிக்கைப் பலகையின் ஒற்றைப் படத்தில் அதைச் சொல்ல இடமில்லை. 1990-களின் இறுதியிலும் அதையடுத்த ஆண்டுகளிலும், ஷெல் நிறுவனம் எச்சரித்ததாக ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் சுற்றியது. மூன்று தீவிபத்துகளைக் கைபேசி மூட்டியதாக அது விவரித்தது. அந்த எச்சரிக்கையைத் தான் வெளியிடவில்லை என்று ஷெல் மறுத்த பிறகும் மின்னஞ்சல் நிற்கவில்லை. 2004-இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ பால்ட்ஸ் என்ற ஊரில் ஒரு பங்க்கில் தீப்பற்றியபோது, தீயணைப்புத் துறைத் தலைவர் முதலில் கைபேசியைத்தான் காரணமாகச் சொன்னார். விசாரித்த பின் அதைத் திரும்பப் பெற்று, நிலைமின்னூட்டமே காரணமாக இருக்கக்கூடும் என்றார். முதலில் சொன்னது பரவிய அளவுக்குத் திருத்தம் பரவவில்லை. நேர்மையாகத் தம் கருத்தைத் திருத்திக்கொண்ட அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தீ எழுந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது கைபேசி. உடலில் இருந்த மின்னூட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது.

உங்கள் தந்தை பார்த்த காணொளியை நான் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அத்தகைய காணொளியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். சுடர் முதலில் எங்கே தோன்றுகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அது கைபேசி இருக்கும் கையிலோ காதிலோ தோன்றாமல், நாசிலையோ மூடியையோ தொடும் மற்றொரு கையின் விரல்களருகே தோன்றினால், கைபேசிக்கும் தீக்கும் தொடர்பில்லை. அதற்குச் சற்று முன் அவர் காருக்குள் போய் வந்தாரா என்றும் பாருங்கள். அத்தகைய பதிவுகளை ஆராயும்போது நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி உறுதியானது. உறுதி குறைந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பதிவுகளில் இல்லை என்பதால் ஒருபோதும் நடக்க முடியாது என்று எந்தப் பொறியாளரும் எழுதித் தரமாட்டார், நானும் தரமாட்டேன். குறிப்பாக லித்தியம் அயனி மின்கலம் நசுங்கியோ, துளைபட்டோ, உட்புறக் குறுக்குச்சுற்று ஏற்பட்டோ தானாகச் சூடேறிக் கொழுந்துவிட்டு எரியக்கூடும். அப்போது வருவது நுண்பொறியன்று, நிஜமான சுடர். அது நாசிலுக்கு அருகில் நேர்ந்தால் ஆவி பற்றும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படி நேர்வது மிக அரிது. பெட்ரோல் பங்க்கில் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நேர்வது அதனினும் அரிது. அது அழைப்பு வருவதோடோ பேசுவதோடோ தொடர்புடையதுமன்று. கைபேசி அணைத்திருந்தாலும் நடக்கும். ஆகவே உப்பிய, விரிசல் விட்ட, வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் கைபேசியை அங்கே கொண்டுசெல்ல வேண்டாம். மின்கலத்தின் வேதியியல் என் துறையன்று. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொன்னால் கேள்விப்பட்டதைச் சொல்வதாக ஆகிவிடும்.

இருசக்கர வண்டியைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. மோட்டார் சைக்கிளில் டாங்க்கின் வாய் ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேர் கீழே இருப்பதால், ஆவிக்கும் கைபேசிக்கும் உள்ள தூரம் குறைவுதான். ஆனால் அதே காரணத்தால் ஆவிக்கும் சூடான எஞ்சினுக்கும் உள்ள தூரமும் குறைவு. கைபேசியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், வழிய வழிய நிரப்பாமல் இருப்பதும், எஞ்சினை அணைத்து வண்டியிலிருந்து இறங்கி நிற்பதும் பல மடங்கு முக்கியம்.

இன்னொரு செய்தியைத் தயங்கித்தான் எழுதுகிறேன், தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. புகையும் சிகரெட்டின் கங்கு பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்குமா என்று அமெரிக்க அரசின் தீ ஆய்வகம் ஒன்று 4,000-க்கும் மேற்பட்ட முறை சோதித்து, ஒருமுறைகூடப் பற்றவில்லை என்று 2013-இல் வெளியிட்டது. தீ பற்றுவதைப் பற்றிய நம் உள்ளுணர்வு எவ்வளவு தவறக்கூடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சிகரெட்டைப் பற்றவைக்கும் தீக்குச்சியும் லைட்டரும் திறந்த சுடர்கள், அவை ஐயத்துக்கு இடமின்றித் தீ மூட்டும். ஆகவே புகைபிடிக்கக் கூடாது என்ற விதியில் ஒரு துளியும் தளர்வு இல்லை.

கைபேசி பற்றிய பலகையையும் மதிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன், அது காட்டும் காரணம் வலுவற்றது என்றாலும். பேசிக்கொண்டே நிரப்புபவர் டாங்க் வழிவதைக் கவனிக்கமாட்டார், நாசில் இருப்பதை மறந்து வண்டியை எடுத்துவிடுவார். குழாயை இழுத்துக்கொண்டு போன வண்டிகளால் சிந்திய பெட்ரோல், எந்த வானொலி அலையையும்விடப் பெரிய ஆபத்து. பணம் செலுத்தும் முரண்பாட்டுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஆவி எரியும் செறிவில் இருக்கக்கூடிய பகுதியை நாங்கள் வரைபடத்தில் குறிக்கும்போது, அது டாங்க்கின் வாயையும் பம்பையும் சுற்றிய குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடும். நாசிலைத் திரும்ப மாட்டி, மூடியை மூடிய பிறகு, சில அடி விலகி நின்று கைபேசியை எடுத்துப் பணம் செலுத்துவதில் நான் எந்தக் குறையும் காணவில்லை. நாசில் டாங்க்கில் இருக்கும்போதே அதற்கு மேலே குனிந்து செலுத்துவதைத் தவிர்த்துவிடுங்கள்.

நீங்களே நிரப்பும்போது செய்ய வேண்டியது மிக எளியது. காரிலிருந்து இறங்கியதும், டாங்க்கின் மூடியைத் தொடுவதற்கு முன், அதிலிருந்து விலகிய இடத்தில் காரின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை வெறுங்கையால் தொடுங்கள். உடலில் உள்ள மின்னூட்டம் ஆவியில்லாத இடத்தில் வடிந்துவிடும். நிரப்பி முடியும்வரை வெளியிலேயே நில்லுங்கள். குழந்தை அழுதாலோ வேறு காரணத்தாலோ உள்ளே போக நேர்ந்துவிட்டால், திரும்பி வந்து நாசிலைத் தொடும் முன் மீண்டும் உலோகத்தைத் தொடுங்கள். தனிக் கேனில் பெட்ரோல் பிடித்தால் அதை வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ இருக்கையின் மேலோ வைத்து நிரப்பாமல், தரையில் இறக்கி வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி இருக்க மெதுவாக நிரப்புங்கள். தரையைத் தொடாத கேனில் சேரும் மின்னூட்டத்துக்கு வடிய வழியில்லை.

அப்படியும் தீ எழுந்துவிட்டால் நாசிலை உருவாதீர்கள். டாங்க்கின் வாயில் எரியும் தீக்குக் காற்று குறைவு, அங்கேயே நிற்கும்; பதற்றத்தில் நாசிலை வெளியே இழுத்தால் எரியும் பெட்ரோல் உடையிலும் தரையிலும் தெளிக்கும், காயங்கள் பெரிதாவது அப்போதுதான். விலகி ஓடி, காருக்குள் யாராவது இருந்தால் அவர்களை இறங்கச் செய்து, அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துமாறு ஊழியரை அழையுங்கள். உங்கள் தந்தையிடம் கைபேசி பற்றி வாதாட வேண்டியதில்லை. பங்க்குக்குள் நுழையும் முன்பே அதைக் காரில் வைத்துவிடுவது அவருக்கு நிம்மதி தருமானால் அப்படியே செய்யுங்கள். மறந்து கையோடு எடுத்து வந்துவிட்ட நாளில், அது சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்றும், பெட்ரோல் இறங்கும்போது காருக்குள் போய்வருவதுதான் கூடாது என்றும் மட்டும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.